பானம் முந்துதல்: மாமாக் கடை இரவுணவு குறித்த ஒரு சிற்றாய்வு

பசித்த பிள்ளைகளை இரவுச் சாப்பாட்டுக்கு மாமாக் கடைக்கு அழைத்துப் போகும் தகப்பன் ஏன் பருத்துக்கொண்டே போகிறான் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். களம் பெட்டாலிங் ஜெயா. ஆய்வுக்கு உட்பட்டோர் ஒன்பது வயது மகளும் ஐந்து வயது மகனும். ஆய்வுமுறையை மனைவி ஏற்கவில்லை; ஆனாலும் சமைக்க வேண்டாமே என்று உடன் வந்தாள்.

முதலில் சொல்லாராய்ச்சி. மாமாக் என்பது நம் 'மாமா' மலாய்க்காரர் வாயில் பெற்ற உரு. தமிழ் முஸ்லிம்களைக் குறித்து வந்து, பிறகு அவர்கள் கடைக்கே பெயராகிவிட்டது. ஆனால் கடைக்குள் யாரும் யாரையும் மாமா என்று கூப்பிடுவதில்லை. நாம் 'அண்ணே' என்கிறோம். மலாய்க்காரரும் சீனரும்கூட 'ஆனே' என்று கையை உயர்த்துகிறார்கள். வாசலைத் தாண்டியதும் உறவு ஒரு தலைமுறை இறங்கிவிடும் மர்மம் தனி ஆய்வுக்குரியது.

முன்னாய்வுகள் உதவவில்லை. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவை அடங்கிய மலேசியரின் காலையுணவுப் பண்பாட்டை 2024இல் யுனெஸ்கோ மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. இதே மூன்றும் இரவிலும் இதே மேசைக்கு வருகின்றன. இரவுக்கு ஏன் அங்கீகாரம் இல்லை? காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அதனால் பண்பாடு அமைதியாகத் தெரிந்திருக்க வேண்டும்.

இனிப் பொழுது. ஏழு மணிப் பசிக்கு வயிறு மட்டும் பொறுப்பல்ல, அரசாங்கமும் பொறுப்பு. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு, சபா, சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கப்பட்டது. ஆகவே இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டியோ தாண்டியோதான் மறைகிறது. பிள்ளைகளின் பசி கடிகாரம் பார்க்கிறது. ரொட்டி போடும் அண்ணனின் தொழுகை சூரியனைப் பார்க்கிறது. நாங்கள் நாற்காலியை இழுத்து உட்காரும் வேளையில் கல் சூடாக இருக்கிறது, எண்ணெயில் ஊறிய மாவு உருண்டைகள் வரிசையாக இருக்கின்றன, அண்ணன் மட்டும் மக்ரிபுக்குப் போயிருக்கிறார். பழைய கடிகாரமாக இருந்திருந்தால் அவர் இந்நேரம் தொழுதுவிட்டு வந்து மாவை வீசத் தொடங்கியிருப்பார்.

மாலைப் பொழுதும் காத்திருத்தலும் முல்லைத் திணைக்குரியவை என்பது இலக்கணம். எங்கள் மேசையில் முல்லை நான்கு நிமிடம் தாங்கும். பிறகு மகள் ஊடுவாள், அது மருதம். அதன்பின் மகன் இரங்குவான், வாய்விட்டு. அதை நெய்தல் என்று நானும், மானக்கேடு என்று மனைவியும் வகைப்படுத்துகிறோம்.

இந்த இடைவெளியில்தான் பானம் நுழைகிறது. மாமாக் கடையில் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதல்ல: "தண்ணி என்ன?" தண்ணி கலக்குபவர் வேறு, ரொட்டி போடுபவர் வேறு, ஒருவர் இல்லையென்று மற்றவர் நிற்பதில்லை. ஆகவே இரண்டு மைலோ ஐஸ் உடனே வந்துவிடும். மைலோவை 1934இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கியவர் தாமஸ் மேய்ன். பெயர், க்ரோட்டோன் ஊர் மைலோ என்ற பழைய கிரேக்க மல்லனுடையது. தினமும் ஒரு கன்றைத் தோளில் சுமந்து நடந்தானாம். கன்று வளர வளர அவன் பலமும் வளர்ந்ததாம். இச்செய்தி இங்கு எதற்கு என்பது பின்னால் விளங்கும்.

மைலோவும் கட்டிப்பாலும் ஐஸும் நிறைந்த உயரக் கண்ணாடித் தம்ளர் உறிஞ்சுகுழல் அலறும்வரை காலியாகிறது. அண்ணன் தொழுகை முடிந்து வருகிறார். ரொட்டியை வீசி, மடித்து, சுட்டு, இரு கையாலும் அடித்துப் பூப்போல உதிர்த்து, பருப்புக் குழம்போடு தட்டில் அனுப்புகிறார். 'பெடாஸ்', அதாவது காரம், வேண்டாம் என்று சொல்லியும் செக்கச்செவேலென்று மீ கோரெங் வருகிறது. பிள்ளைகள் இரண்டையும் அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். வயிறு நிறைந்துவிட்டது. பானம் முந்தப் பசி மாண்டது. இதுவே நான் கண்ட விதி.

விதிக்கு ஒரு விலக்கு உண்டு: ரொட்டி தீசு. பக்கத்து மேசைக்குக் கோபுரம்போல் ஒன்று போனதும் மகளுக்கு மட்டும் பசி உயிர்த்தெழும். வந்து நின்றால் அது தம்பியின் தலைக்கு மேல் இருக்கும். உயரம் உண்டே தவிர உள்ளே காற்று. உச்சியை ஒடித்து, சர்க்கரை படிந்த இடத்தை மட்டும் நக்கிவிட்டு அவளும் ஓய்வாள்.

மிச்சத்தைத் 'தாப்பாவ்' கட்டலாமே என்பார்கள். ஆறிய ரொட்டி சானாய் தோலாகிவிடும். எனவே இரண்டு ரொட்டி, ஒரு மீ கோரெங், இடிந்த கோபுரம் ஆகியவற்றுக்கு வாரிசு ஒருவரே. ஐயமிருப்போர் என் இடுப்பு வாரின் துளைகளைப் பார்வையிடலாம்.

தண்ணியைப் பிறகு சொன்னால் என்ன? சோதித்தேன். "தண்ணி அப்புறம்ண்ணே" என்றதும் அவர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார், திரும்பி வரவில்லை. மேசையில் அடுக்கியிருந்த நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை மகன் பிரித்துச் சம்பலில் விரலை விட்டான். காரம் தலைக்கேறியது. கடையே திரும்பிப் பார்க்க, மைலோ ஐஸ் ஓடோடி வந்தது.

'கீரா' என்று குரல் கொடுத்துக் கணக்கை முடிப்பதற்குள் மகன் மேசைமேல் தூங்கியிருப்பான். கார் நிற்பது இரண்டு தெரு தள்ளி. மூன்று வயதிலிருந்து அவனைத் தோளில் போட்டு நடக்கிறேன், இப்போது ஐந்து. கன்று காளையானதும் மைலோ அதை ஒரே நாளில் தின்றுவிட்டான் என்றும் கதை உண்டு. அதை நான் மனைவியிடம் சொல்லவில்லை. போன வாரம் கடை வாசலில் மகளும் தனக்குத் தூக்கம் வருவதாக அறிவித்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.