சிசி சார்

தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் கம்பெனி பஸ்ஸில் சிசி சாரைத் தனியாக அடையாளம் காண முடியாது. கேம்ப் ரோட்டில் தொடங்கி மேடவாக்கம் நெரிசல் வரை முடிச்சூர் வெள்ளம், ஸ்கூல் ஃபீஸ் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் ஓயாமல் பேசிக்கொண்டு வருகிற சாதாரண மனிதர். கார்டைக் காட்டி ஆபீஸுக்குள் நுழைந்ததும் வாய் மூடிக்கொள்ளும், விரல்கள் விழித்துக்கொள்ளும். நாற்காலியைத் திருப்பினால் முழங்கால் இடிக்கிற தூரத்தில் இருக்கும் அதே பஸ் நண்பர் ரிப்போர்ட்டில் ஒரு தேதியைத் தப்பாகப் போட்டிருந்தால், "ஏம்பா, தேதியைப் பாரு" என்று சொல்லமாட்டார். 'டியர் ஆல்' என்று மெயில் போடுவார். சிசியில் அவருடைய மேனேஜர், இவருடைய மேனேஜர், அந்த இருவருக்கும் மேலே இருப்பவர், போதாக்குறைக்கு அந்த ரிப்போர்ட்டையே பார்த்திராத இரண்டு டீம் லீடுகள். மதியத்துக்குள் பதில் வராவிட்டால் ஒரு 'ஜென்டில் ரிமைண்டர்'. அதில் இன்னொரு பெயர் கூடியிருக்கும்.

சிசி சார் பொல்லாதவர் அல்ல, கிடைத்த வசதிக்கேற்ப வளர்ந்தவர். தட்டச்சுக் காலத்திலும் நகல் அனுப்பினார்கள். ஆனால் கார்பன் தாள் வைத்து அடித்தால் நாலைந்து பிரதிக்கு மேல் எழுத்து மங்கிவிடும், மறுபடி அடிக்கச் சொன்னால் டைப்பிஸ்ட் முறைப்பார். அந்த முறைப்புக்குப் பயந்தாவது, இது யாருக்கு அவசியம் என்று ஒரு நிமிடம் யோசித்தார்கள். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. ஆபீஸ்களில் மெயில் பரவியபின் பிரதி எடுக்கும் சிரமம் ஒழிந்தது, கூடவே யோசிக்கும் வழக்கமும் ஒழிந்தது. 1997-இல் மைக்ரோசாஃப்டில் சுமார் 13,000 பேர் கொண்ட ஒரு பட்டியலுக்கு ஒருவர் 'என்னை நீக்குங்கள்' என்று எழுதினார். 'என்னையும்' என்று பலர் எல்லாருக்கும் பதில் போட, 'எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்' என்று இன்னும் பலர் எல்லாருக்கும் பதில் போட, சுமார் ஒன்றரைக் கோடி மெயில்கள் குவிந்து சர்வர்கள் திணறின. மெயில் மென்பொருளைச் செய்து விற்கிறவர்களுக்கே இந்தக் கதி என்றால் நம் ஓ.எம்.ஆர். கம்பெனி எம்மாத்திரம்!

"வாயால சொன்னதுக்கு என்ன சார் ப்ரூஃப்?" என்பது சிசி சாருடைய வாதம். அதில் நியாயம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்கு அங்கீகாரம் கொடுத்திருக்கிறது. 1984 முதல் ஏற்றுமதியை நம்பி இயங்கும் தாம்பரம் மெப்ஸ் வளாகத்தில், கடல் கடந்த வாடிக்கையாளர் மாற்றச் சொன்ன அளவு எழுத்தில் இல்லையென்றால் சரக்கே திரும்பி வரலாம். வாயால் ஏவிவிட்டு "நான் எப்போ சொன்னேன்?" என்று கைவிரிக்கும் அதிகாரியிடம் மாட்டிய கான்ட்ராக்ட் ஊழியருக்கு மெயிலை விட்டால் வேறு துணை இல்லை. எல்லாம் சரி. ஆனால் பதிவுக்குச் சொன்னவரும் கேட்டவரும் போதும், தகராறு என்றால் மூன்றாமவர் ஒருவர். ஐந்தாவது பெயர் பதிவுக்காகச் சேர்வதில்லை, சாட்சிக்காகச் சேர்கிறது. தேதியைத் திருத்த ஒரு வார்த்தை போதும். தப்பு யாருடையது என்று ஊருக்கு அறிவிக்கத்தான் இத்தனை பேர் வேண்டும். சந்தேகம் இருந்தால், தன் தப்பைத் தானே திருத்தி சிசி சார் அனுப்பும் மெயிலைப் பாருங்கள். சிசி காலியாக இருக்கும்.

இதன் பலன் உடனே தெரியாது. அடுத்த முறை சிசி சார் சறுக்கும்போது பஸ் நண்பர் காதோடு சொல்லிக் காப்பாற்ற மாட்டார், அவரும் 'டியர் ஆல்' போடுவார். இருவரும் ஆளுக்கொரு ஃபோல்டரில் பழைய மெயில்களைச் சேர்த்து வைப்பார்கள். ரிப்போர்ட்டிலோ அந்தத் தேதி அப்படியே இருக்கும். 'இத்தனை பேருக்குப் போயிருக்கே, யாராவது பார்த்திருப்பாங்க' என்று இத்தனை பேரும் நினைத்திருப்பார்கள். மேனேஜர் கோபப்படுவாரோ என்று நண்பர் பயப்படவும் தேவையில்லை. தன் பெயர் சிசியில் மட்டும் இருக்கும் மெயில்கள் தாமாகவே வேறு ஃபோல்டருக்குப் போகும்படி மேனேஜர் என்றைக்கோ அவுட்லுக்கில் ரூல் போட்டுவிட்டார். சிசி சார் பாடுபட்டு அழைத்த சாட்சிகளில் ஒருவர்கூடக் கோர்ட்டுக்கு வருவதில்லை.