நல்லாத்தான் இருக்கு, ஆனா…

2014 ஆகஸ்டில் ஒருநாள் லண்டன் வானத்தில் பச்சை நிறத்தில் ராட்சத பலூன் ஒன்று மிதந்தது. அதன் மேல் வருடத்தின் எண்ணையும் ஒரு முத்திரையையும் தவிர வேறொன்றும் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் ஏதோ சோப்பு விளம்பரம் என்று நினைத்திருப்பார்கள். முத்திரை எது என்று தெரிந்தவர்களுக்கோ அன்றைக்கு வேலையே ஓடியிருக்காது. அதே முத்திரை நியூயார்க்கில் ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் வாசல் நடைபாதையிலும் தென்பட்டது. அடுத்து பாட்டுப் பட்டியல் வெளியானது, அதுவும் இணையத்தின் இருட்டு மூலையில், டோர் உலாவி இருந்தால்தான் திறக்கும் ஒரு ரகசிய முகவரியில். கஞ்சா விற்கிற சந்து வழியாகப் போய்ப் பன்னிரண்டு தலைப்புகளைப் படித்துவிட்டு வந்தார்கள் ரசிகர்கள். பாட்டைக் கேட்க இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் ஆல்பம் பிரமாதம் என்று அதற்குள்ளேயே முடிவாகிவிட்டது.

ஆல்பத்தின் பெயர் 'சைரோ'. இசைத்தவர் ஏஃபெக்ஸ் ட்வின் என்கிற ரிச்சர்ட் டி. ஜேம்ஸ். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வாலில் வளர்ந்தவர். ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் அவருடைய முந்தைய ஆல்பமான 'ட்ரக்ஸ்' வந்தது 2001-இல். பதின்மூன்று வருடம் என்பது சாமானியமா? அதற்குள் ஒரு ரசிகனுக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை கீபோர்டு கிளாஸில் சேர்ந்து, போரடித்து நின்றும் விடலாம்.

காத்திருந்தவர்கள் சும்மாவும் இருக்கவில்லை. 1994-இல் 'காஸ்டிக் விண்டோ' என்ற பெயரில் அவர் தயார் செய்து, வெளியிடாமல் விட்ட ஆல்பம் ஒன்று உண்டு. அதன் சோதனைத் தட்டுகள் உலகத்தில் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன. அதில் ஒன்றை 2014-இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் பிரித்து வாங்கினார்கள். வாங்கி, டிஜிட்டல் பிரதி எடுத்து, பணம் போட்டவர்கள் பகிர்ந்துகொண்டு, பிறகு தட்டை ஏலத்துக்கு விட்டார்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன் 46,300 டாலருக்கு எடுத்தார். வடபழனியில் சின்னதாக ஸ்டூடியோ வைத்து சினிமாப் பாட்டுக்கு புரோகிராமிங் செய்யும் என் நண்பர் ஒருவரும் அந்த வசூலில் பணம் போட்டவர். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவர் ஏன் வெளிய விடலைன்னும் புரியுது" என்றார்.

இந்த எலெக்ட்ரானிக் இசையில் எனக்குப் பிடித்த விஷயமே, கேட்கிறவர் எதையும் சொல்லலாம், யாரும் மறுக்க முடியாது என்பதுதான். சினிமாப் பாட்டு என்றால் சண்டை போட ஆதாரம் இருக்கிறது. வரி சரியில்லை எனலாம், பாடியவருக்கு ழகரம் வரவில்லை எனலாம், என்ன ராகம் என்று மாமா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பார், இன்னொரு மாமா அது இல்லை என்பார். சைரோவில் வரி என்று ஒன்றுமே கிடையாது. அங்கங்கே ஒரு குரல் முனகுகிறது, எந்த மொழி என்று பிடிபடுவதில்லை. பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாததால் ரசிகர்கள் எண்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

எண்களுக்குப் பஞ்சமில்லை. முதல் பாட்டின் பெயர் 'மினிபாப்ஸ் 67', கூடவே 120.2 என்று ஒரு குறிப்பு. நிமிடத்துக்கு இத்தனை பீட் என்ற கணக்கு அது. இன்னொரு பாட்டுக்கு 141.98. 142 என்று வைத்தால் என்ன குடியா முழுகிவிடும் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பாயின்ட் ஜீரோ டூலதான் சார் விஷயமே இருக்கு" என்றார். அன்றிலிருந்து அந்தப் பாட்டைப் போட்டால் நான் பாயின்ட் ஜீரோ டூவைத்தான் தேடுகிறேன். ஒன்றிரண்டு தடவை தட்டுப்பட்ட மாதிரியும் இருந்தது.

அட்டையில் முகம் கிடையாது, இயற்கைக் காட்சி கிடையாது. டிசைனர்ஸ் ரிபப்ளிக் வடிவமைத்த அந்த அட்டை முழுக்க செலவுக் கணக்கு. ஆல்பத்தைத் தயாரிக்கவும் விளம்பரப்படுத்தவும் எதெதற்கு எவ்வளவு ஆயிற்று என்று பொடி எழுத்தில் வரிசையாக ஓடும். இசை வியாபாரத்தின் மீதான நுட்பமான விமரிசனம் என்று இதைப் புகழ்ந்தவர்கள் நிறைய. ஆனால் அதை ஒரு வரி விடாமல் படித்த ஒரே ஆளாக எனக்குத் தெரிந்து என் அப்பாதான் இருப்பார். ஏ.ஜி. ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டு, "வவுச்சர் இல்லாம இதுல பாதியைப் பாஸ் பண்ண முடியாதுப்பா" என்றார். பாட்டு எப்படி என்று கேட்டதற்கு, "பாட்டு வேற இருக்கா?" என்றார்.

உள்ளே இன்னொரு பட்டியல், ஆல்பத்துக்குப் பயன்பட்ட கருவிகள். சின்தசைசர், டிரம் மெஷின், மிக்ஸர் என்று நூற்றுக்கு மேல் போகிறது. வடபழனி நண்பர் பாட்டைப் போடுவதற்கு முன் அதைத்தான் எடுத்தார். கோயிலில் அர்ச்சனைச் சீட்டில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது போல விரலை ஓட்டிக்கொண்டே வந்து, "ரெண்டு நம்மகிட்ட இருக்கு சார்" என்றார். அதில் ஒன்று வேலை செய்யாது என்று அவருடைய உதவியாளர் பிறகு தனியாகச் சொன்னார்.

செப்டம்பரில் ஆல்பம் வந்தது. கேட்டவர்கள் திகைத்துத்தான் போனார்கள், ஆனால் வேறு காரணத்துக்காக. இசைத்தட்டுக்குப் பதில் உப்புத்தாளைச் சுழலவிட்டு நிகழ்ச்சி நடத்தியதாகப் பெயர் வாங்கியவர் இவர். 1997-இல் வந்த 'கம் டு டாடி' வீடியோவில் குழந்தைகளின் உடம்பில் தன் முகத்தை ஒட்டவைத்து ஊரைப் பயமுறுத்தியவர். அப்படிப்பட்டவர் பதின்மூன்று வருடம் கழித்து வருகிறார் என்றால் காதில் ரத்தம் வரும் என்று பஞ்சோடு உட்கார்ந்திருந்தார்கள். வந்ததோ துள்ளலான, நுணுக்கமான, வாயில் முணுமுணுக்கக்கூட முடிகிற மெட்டுகள். மோசடி இல்லையா இது? "புதுசா ஒண்ணுமில்லையே" என்று ஆரம்பித்தார்கள். அவரே கண்டுபிடித்த பாணியில் அவரே வாசித்தால் அது பழசாம்.

எனக்கு இதில் ஆச்சரியமில்லை. 'ட்ரக்ஸ்' வந்தபோதும் இதே கதைதான். இரண்டு தட்டு, முப்பது துண்டுகள். ஒரு பக்கம் டிரம்ஸ் சரவெடியாக வெடிக்கும், அடுத்த நிமிடம் தனியாக ஒரு பியானோ. ஒட்டவே இல்லை, சரக்கு தீர்ந்துவிட்டது என்றெல்லாம் சொன்னார்கள். அந்தப் பியானோத் துண்டுகளில் ஒன்றான 'அவ்ரில் 14த்' இன்று அவருடைய இசையிலேயே அதிகம் பேருக்குத் தெரிந்தது. 2010-இல் ராப் பாடகர் கன்யே வெஸ்ட் அதைத் தன் பாட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டார். 2014-இல் சைரோவைக் குறை சொன்னவர்களுக்கு 'ட்ரக்ஸ்' அளவுகோலாகிவிட்டது.

ஏஃபெக்ஸ் ட்வின் பெயரைச் சொன்னால் எதையும் நம்ப ஆள் இருக்கிறது. பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் போட்டு ஓர் ஆல்பம் செய்தார். ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் கருவியும் டிஆர்-808 டிரம் மெஷினும் வைத்து. சிகாகோவில் அதே 303-ஐ வைத்து ஆசிட் ஹவுஸ் என்ற நடன இசை பிறப்பதற்குச் சில வருடம் முன்னால். 2010-இல் அது மறுபடி வெளியானபோது, இது நிஜமாக இருக்க முடியாது, ஏஃபெக்ஸ் ட்வின் செய்த குறும்பாக இருக்கும் என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். ஒரு மனிதர் பைரவியையும் யமனையும் மெஷினில் ஏற்றி வைத்திருக்கிறார், அந்தப் புகழும் கார்ன்வாலுக்குப் போகப் பார்த்தது.

சைரோவின் கடைசிப் பாட்டில் தாளமே கிடையாது. பியானோ மட்டும், பின்னால் பறவைச் சத்தம். ஹாலில் அதைப் போட்டபோது அடுக்களையிலிருந்து அம்மா வந்து ஜன்னலைத் திறந்து பார்த்தார். புறா வந்துவிட்டதாம், முந்தின வாரம்தான் பால்கனிக்கு வலை போட்டிருந்தோம். ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டார். சைரோவுக்கு எங்கள் வீட்டில் கிடைத்த அதிகபட்சப் பாராட்டு அதுதான். பிப்ரவரியில் கிராமி கொடுத்தார்கள், எலெக்ட்ரானிக் ஆல்பம் பிரிவில். நண்பர் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்தார். "கிராமி குடுத்துட்டாங்க சார். இனிமே எல்லாரும் கேக்க ஆரம்பிச்சுடுவாங்க."

அவர் கவலைப்பட்டிருக்க வேண்டாம். 2015 தொடக்கத்தில் சவுண்ட்கிளவுடில், 'யூசர்' என்ற சொல்லையும் எண்களையும் மட்டுமே பெயராகக் கொண்ட ஒரு கணக்கிலிருந்து ஜேம்ஸின் பழைய டேப்புகள் வர ஆரம்பித்தன. பத்து, ஐம்பது, நூறு என்று ஏறி இருநூறைத் தாண்டியது. எல்லாம் இலவசம். பதின்மூன்று வருடம் ஒன்றுமே தரவில்லை என்று புலம்பிய நண்பர், "இப்படிக் கொட்டினா மனுஷன் எதைக் கேக்கறது? வேலை வெட்டி இல்லையா நமக்கு?" என்று கொதித்துப்போனார். ஆனாலும் ஒன்று விடாமல் இறக்கி, தனியாக ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி அதில் போட்டு வைத்திருக்கிறார். போன மாதம்கூட கேட்டுப்பார்த்தேன், எப்படி இருக்கிறது என்று. இன்னும் ஆரம்பிக்கவில்லையாம். முதலில் எல்லாவற்றையும் டெம்போ வாரியாக அடுக்க வேண்டுமாம்.