கன்றுக்கா, கேனுக்கா?

கேள்வி: கன்று குடிக்கும் பாலெல்லாம் எனக்கு நஷ்டம்தானே? எவ்வளவு சீக்கிரம் பால் மறக்கடிக்கலாம்? (குடுபல்லி வாசகர்)

பதில்: நாள் கணக்கை விடுங்கள், தீனிக் கணக்கைப் பாருங்கள். குடிக்கிற பால் நேராகக் கன்றின் நாலாவது வயிற்றுக்குப் போய்விடும். புல்லைச் செரிக்க வேண்டிய பெருவயிறு, பால் மட்டும் குடிக்கும்வரை தூங்கும். அதை எழுப்புவது தவிடும் தானியமும் கலந்த கன்றுத் தீவனம், வைக்கோலால் ஆகாது. இரண்டாவது வாரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், பக்கத்தில் தண்ணீரும். தொடர்ந்து மூன்று நாள் முக்கால் கிலோவுக்குக் குறையாமல் தின்றால் பாலைக் குறைக்க ஆரம்பிக்கலாம். நன்றாகத் தின்னும் கலப்பினக் கன்று இரண்டு, இரண்டரை மாதத்தில் அந்த நிலைக்கு வரும். அதற்கு முன்பே நிறுத்தி வைக்கோலைக் காட்டினால், பானை வயிறும் குச்சிக் காலுமாக ஒன்று வளரும். அந்தக் கிடேரி சினைக்கு வரத் தாமதமாகும் மாதங்களையும் நஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிறந்த அன்றே பிரித்துவிட்டால்?

பதில்: பிரிக்கலாம், சீம்பாலைக் கொடுத்துவிட்டு. 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர். முதல் வேளை, பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு நாள் போனால் சீம்பாலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் ஏற்காது. திரட்டுப்பால் ஆசை வீட்டில் யாருக்கு இருந்தாலும், வரிசையில் முதல் ஆள் கன்றுதான்.

கேள்வி: கடைசியில் கன்றை ஊட்டவிட்டால் சென்டரில் ஃபேட் குறைகிறது. மெஷினில் கோளாறா?

பதில்: இந்த ஒரு தடவை மெஷினைத் திட்டாதீர்கள். மடியிலிருந்து முதலில் வருவது நீர்த்த பால், கடைசியில் வருவதுதான் கொழுப்பு. தண்ணியை நீங்கள் கறந்துகொண்டு வெண்ணெயைக் கன்றுக்கு விட்டீர்கள். முன்பாலை அதற்குக் கொடுங்கள்.

கேள்வி: கன்று முகம் பார்க்காமல் மாடு சுரக்க மாட்டேன் என்கிறதே?

பதில்: ஜெர்சிக் கலப்பு என்றால் முதல் ஈற்றிலேயே பழக்கியிருக்கலாம். நாட்டு மாடுகள் பெரும்பாலும் கன்று இல்லாமல் சுரக்காது. பலமநேர் ஆராய்ச்சி நிலையம் காப்பாற்றி வைத்திருக்கும் குட்டைப் புங்கனூர் மாட்டிடம் போய் வாளியை மட்டும் நீட்டிப் பாருங்கள்! கன்றைப் பக்கத்தில் கட்டுங்கள். சுரப்பு ஊசிப் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவில் கறிக்கு வளர்க்கும் கன்றுகளையே சீக்கிரம் பிரிக்கிறார்களாமே?

பதில்: அங்கே அந்த மாடுகளைக் கறப்பதே இல்லை. கன்று ஆறு முதல் எட்டு மாதம் தாயோடு மேயும். மழை பொய்த்துப் புல் காய்ந்தால்தான் ஐந்து மாதத்துக்கு முன்பே பிரிப்பார்கள். ஊட்டிக்கொண்டே இருந்தால் தாய் இளைக்கும், பருவத்துக்கு வரவும் தாமதமாகும். அவர்கள் காப்பாற்றுவது மாட்டை, நீங்கள் கேனை.

கேள்வி: காளைக்கன்றுக்குமா இத்தனை செலவு?

பதில்: பசிக்கு ஆண் பெண் தெரியாது. அடுத்த சினைக்குப் பாலினம் பிரித்த விந்து ஊசி கேளுங்கள். பத்துக்கு ஒன்பது கிடேரி.