ஷார்ஜாவில் ஒரு ஹீட்டர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போனில் பாதியில் நின்ற கார் கதையை முழுதாக எழுதுகிறேன். சித்திக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வண்டி 2006 மாடல். கூலன்ட் ஊற்ற ஊற்றக் குறைந்தது. கீழே ஒரு சொட்டு இல்லை. இந்த வெயிலில் சொட்டினாலும் நாம் குனிவதற்குள் காய்ந்துவிடும், அது வேறு. அறை நண்பர்களிடம் ஆளுக்கொரு தீர்ப்பு. கும்பகோணத்துக்காரர் ‘ஹெட் கேஸ்கட் போச்சு’ என்று செலவுக் கணக்கே போட்டுவிட்டார். பெரம்பலூர் தம்பிக்கு ரேடியேட்டர் மூடிமேல் சந்தேகம். (மூடியைச் சும்மா நினைக்காதீர்கள். அது அழுத்தம் பிடிப்பதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் சுமார் 120 வரை தாங்குகிறது. சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்.) நீங்களோ, ‘கொறைஞ்சா ஊத்திட்டுப் போடா’ என்று முடித்துவிட்டீர்கள்.

கடைசியில் வந்தார் ஒரு மலையாளி மெக்கானிக் சேட்டன். எஞ்சின் ஆறியபின் மூடி இருந்த இடத்தில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல இறங்கியது. ஆயில் குச்சியில் பால் நிறம் இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. கேஸ்கட் தப்பியது, கும்பகோணத்தார் முகம் வாடிப்போச்சு. அப்புறம் முன்சீட்டுக்குக் கீழே மிதியடியைத் தூக்கினார். ஈரம். ‘ஏசி தண்ணி’ என்றான் தம்பி. சேட்டன் விரலில் தொட்டுத் தேய்த்துக் காட்டினார்: பிசுபிசுப்பு, லேசான சிவப்பு, இனிப்பு வாடை. ஏசி தண்ணிக்கு நிறமேது, வாடையேது? நக்கிப் பார்க்கப் போன தம்பி கையைத் தட்டிவிட்டார், விஷமாம்.

ஓட்டை ஹீட்டரில்! டேஷ்போர்டுக்குள் ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கிறதே, அதுதான். ஜூலையில் 45 டிகிரி கொளுத்தும் ஊரில் ஹீட்டர் என்பது, நம்ம மீன்சுருட்டிக் கடைத்தெருவில் சித்திரையில் ஸ்வெட்டர் விற்ற மாதிரி. ஆனால் அதை நாம் போடாவிட்டாலும் பல வண்டிகளில் சூட்டுக் கூலன்ட் அதற்குள் ஓடிக்கொண்டேதான் இருக்குமாம். மாற்றுவதென்றால் டேஷ்போர்டையே கழற்றணும். சேட்டன் அதற்குப் போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் நேராக இணைத்துக் கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டு, ‘குளிரடிச்சா கம்பளி போர்த்திக்கோ’ என்றார். அதன்பின் அளவு இறங்கவில்லை.

உங்கள் டிராக்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றுவதையும் அவரிடம் சொன்னேன். உப்புப் படிந்து ரேடியேட்டர் அடைத்துவிடுமாம். சொன்னது அவர், என்மேல் கோபிக்க வேண்டாம்.

வண்டியை விற்கலாம் என்றிருக்கிறேன். ஹீட்டர் சங்கதி ஜெயங்கொண்டத்து மாப்பிள்ளை காதுக்கு மட்டும் போக வேண்டாம். அவர்தான் விலை கேட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்