தீக்குச்சிப் பரீட்சை

தேனில் முக்கிய தீக்குச்சி பற்றிக்கொண்டது. ஆகவே தேன் சுத்தம் என்று என் மச்சான் தீர்ப்பளித்தார். போன வாரம் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் விடுதி வராந்தாவில் நடந்தது இது. பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தின் ‘தியானங்கள்’ புத்தகத்தில் இரண்டாவது தியானத்தை நான் திறந்து வைத்திருந்த மேசைதான் பரிசோதனைக் கூடம். சிந்திய தேனில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. அடுத்த மாதம் பரீட்சை. அந்த இரண்டு பக்கத்திலிருந்துதான் கேள்வி வரும் என்பது எனக்கு நிச்சயம். தெகார்த் வாழ்நாளெல்லாம் தேடிய நிச்சயம்கூட இவ்வளவு கெட்டியாக இருந்திருக்காது.

ஓய்வு பெற்ற கையோடு தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. தத்துவம் சேர்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கேட்டாகிவிட்டது. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் இந்த மலைக்கு அந்தப் பக்கம் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் பாடப்புத்தகங்களைச் சும்மா கொடுத்தார். புத்தகச் செலவு மிச்சம் என்று அந்தப் பாடத்தையே எடுத்தவர் 1962-ல் குடியரசுத் தலைவர் ஆனார். நான் கட்டணம் கட்டி, அதற்குத் தாமதக் கட்டணமும் கட்டிப் படிக்கிறேன். இதுவரை வந்து சேர்ந்த பதவி, வீட்டுக்கு காஸ் சிலிண்டர் புக் பண்ணுவது.

‘தியானங்கள்’ 1641-ல் பாரிஸில் இலத்தீனில் வெளிவந்தது. மொத்தம் ஆறே தியானங்கள்; சின்னப் புத்தகம். ஆனால் தெகார்த் அச்சுக்குப் போகுமுன்பே கைப்பிரதியை அறிஞர்களிடம் சுற்றுக்கு விட்டார். அவர்கள் சொன்ன ஆட்சேபங்கள், அவற்றுக்கு இவர் சொன்ன பதில்கள் எல்லாவற்றையும் அதே புத்தகத்தில் சேர்த்தார். அந்த வாக்குவாதம் மூலத்தைவிடப் பல மடங்கு நீளம். நம்பியதையெல்லாம் சந்தேகித்துப் பார்க்கும் வேலையைத் தொடங்க வயது முதிர்ச்சி வேண்டும், கவலையில்லாத மனம் வேண்டும், ஓய்வும் தனிமையும் வேண்டும் என்பது அவர் கட்சி. வயது என்னிடம் இருக்கிறது. ஓய்வை அரசாங்கமே கொடுத்துவிட்டது. தனிமைக்காகத்தான் போளூரில் பஸ் ஏறினேன்.

“தனியா போய் அங்க என்ன பண்ணப்போறீங்க? தம்பியையும் கூட்டிட்டுப் போங்க” என்றாள் மனைவி. தெகார்த் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்ற விஷயத்துக்குத் தத்துவ வரலாற்றில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியம்மா சாமை, புளி, மலைத்தேன் வைத்திருந்தார். மச்சான் பாட்டிலைக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“எரிச்சுப் பாக்கலாமா?”

“பாருங்க சார். காசு குடுத்துட்டு எரிங்க.”

இவ்வளவு சுருக்கமான மறுப்பு எங்கள் பாடக்குறிப்பில் எந்தத் தத்துவவாதியிடமும் இல்லை. மச்சான் பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைத்து வாங்கினார். விடுதிக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது.

தண்ணீர் டெஸ்ட் உங்களுக்குத் தெரியும். கரையாமல் நூலாக அடியில் இறங்கினால் நல்ல தேன். இறங்கியது. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அப்படித்தான் இறங்கும் என்று சொல்லிப் பார்த்தேன்; காதில் விழவில்லை. அடுத்து தினத்தாள் டெஸ்ட். ஊறவில்லை, சுத்தம். ஊறியிருந்தால் நியூஸ் பேப்பர் தரம் சரியில்லை என்றிருப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தில் ஒரு துளி. பிறகு வெள்ளைத் துணி, என் துண்டு. பிறகு சுண்ணாம்பு: தேனோடு குழைத்தால் சூடேற வேண்டும். விடுதிக் காவலாளியிடம் வெற்றிலைப் பெட்டி இருந்ததால் அதுவும் நிறைவேறியது. காவலாளியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில்தான் தீக்குச்சி. தேனில் நீர் அதிகமென்றால் பற்றாது என்பது கணக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியே தேனில் நூற்றுக்கு 20 பங்குவரை ஈரத்தை அனுமதிக்கிறது. தீக்குச்சிக்கு அந்த விதி தெரியாது. சர்க்கரைப் பாகு குறைந்த ஈரத்தோடு வந்தால் ஜோராகப் பற்றும்.

தெகார்த்தும் தேனடையில்தான் கைவைக்கிறார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டாவது தியானத்தில் ஒரு துண்டு மெழுகை எடுக்கிறார், கூட்டிலிருந்து வந்து அதிக நேரம் ஆகாதது. தேனின் ருசி கொஞ்சம் மிச்சம், பூவின் வாசனையும் உண்டு. கெட்டி, குளிர்ச்சி, தட்டினால் சத்தம் வரும். நெருப்பருகே கொண்டுபோகிறார். ருசி போயிற்று, வாசனை போயிற்று, நிறம், வடிவம், சத்தம் எல்லாம் போயிற்று. ஆனாலும் அதே மெழுகு என்கிறோம். கண், மூக்கு, நாக்கு சொன்ன எல்லாமே மாறிய பிறகும் அதே மெழுகு என்று சொன்னது யார்? புத்திதான் என்கிறார் அவர். என் மச்சானிடம் இருந்ததும் நெருப்பு, தேன், மேசை. மூன்றும் ஒன்றாக இருந்தும் தத்துவம் மட்டும் பிறக்கவில்லை.

இத்தனை சந்தேகத்துக்கும் ஆறாவது தியானத்தின் கடைசியில் என்ன கதி நேர்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. அதற்கு முன் எறும்பு.

எறும்பு விஷயத்தில் நாடே இரண்டு கட்சி. சுத்தமான தேனை எறும்பு மொய்க்காது என்பது ஒன்று, சுத்தமான தேனைத்தான் மொய்க்கும் என்பது மற்றது. இரண்டுக்கும் அவரவர் பாட்டியே ஆதாரம். மச்சான் தட்டில் ஒரு துளி விட்டுக் காத்திருந்தார். எறும்பு வந்தது, சுற்றியது, போனது. எந்தக் கட்சிக்கும் வாக்களிக்கவில்லை. பிறகு நாய். நல்ல தேனை நாய் நக்காதாம். விடுதி நாய் நக்கவில்லை. மச்சான் முகம் மலர்ந்தது. காவலாளி பிஸ்கட் போட்டார், அதையும் தொடவில்லை. அதற்கு அன்று மனசு சரியில்லை. இந்த முடிவைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று இருவரும் இருட்டும்வரை விவாதித்தார்கள். உறைந்தால் சர்க்கரை கலந்தது என்று காவலாளி ஒரு புது விதி கொண்டுவந்தார். குளூக்கோஸ் மிகுந்த நல்ல தேனும் உறையும் என்று நான் சொன்னதற்கு, “மாமா, நீங்க படிங்க” என்றார் மச்சான். அதற்குத்தானே ஐயா வந்தேன்!

2020 டிசம்பரில் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடையில் விற்கும் 13 பிராண்டு தேனைச் சோதித்தது. ஜெர்மனிக்கு அனுப்பி, அணுக்கருக் காந்த ஒத்திசைவு என்னும் நவீன முறையிலும் பார்த்தார்கள். எல்லாச் சோதனையிலும் தேறியவை 3 மட்டும். தோற்றவர்கள் மறுத்தார்கள். சோதனையில் பிடிபடக் கூடாது என்பதற்காகவே தயாரிக்கும் பாகுகள் இருக்கின்றன என்று அந்த அறிக்கை சொன்னது. ஆய்வகத்தையே ஏமாற்றும் பாகு தீக்குச்சிக்கா அடங்கும்? ஆனால் என் மச்சான் சூப்பர் மார்க்கெட்டில் தேன் வாங்கி எரித்ததை நான் கண்டதில்லை. அங்கே லேபிள் இருக்கிறது. லேபிளைப் படித்து நம்பிவிடுவார். சந்தேகமெல்லாம் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியம்மாவுக்குத்தான்.

மறுநாள் காவலூர் போனோம். மூன்றாவது தியானத்தில் இரண்டு சூரியன் வருகிறது: கண்ணுக்குத் தெரியும் சின்னச் சூரியன் ஒன்று, வானியல் கணக்கில் வரும், பூமியைவிடப் பெரிய சூரியன் இன்னொன்று. அதை ஒரு வானாய்வகத்தின் வாசலில் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததைக் கவனித்த ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. அன்று யாரும் வளையத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. நட்சத்திரத்தின் ஒளி எதிர்பாராமல் சில கணங்கள் மங்கியது. அதைக் கொண்டு யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று புத்தியால் கண்டார்கள். தெகார்த் கேட்டிருந்தால் பூரித்திருப்பார். வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியின் கோபுரத்தடியில் நின்று இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, மச்சான் அங்கிருந்த ஒருவரிடம் கேட்டார்: “சார், திருநள்ளாறு மேல போறப்போ சாட்டிலைட் எல்லாம் மூணு செகண்டு நின்னுடுதாமே?”

அந்த மனிதர் சிரித்தார். அடிக்கடி கேட்கும் கேள்வி போலிருக்கிறது. இந்தச் செய்திக்கு மச்சான் எந்தத் தீக்குச்சியும் கொளுத்தியதில்லை. போனில் வந்தது, நம்பினார், நாற்பது பேருக்கு அனுப்பினார்.

எனக்கு எரிச்சல் இங்கேதான். தெகார்த் சந்தேகத்தைத் தன்னிடம் ஆரம்பித்தார். என் கண் பொய் சொல்கிறதா, இந்தக் கை என்னுடையதா, நான் விழித்திருக்கிறேனா, ஒரு துர்ப்பிசாசு என்னை ஏமாற்றுகிறதா என்று தன் காலடி மண்ணைத்தான் முதலில் தோண்டினார். நம் சந்தேகத்துக்குச் செலவு எப்போதும் எதிராளி கணக்கில். சந்தேகத்துக்காக ஐம்பது ரூபாய் குறைத்தோம். சுத்தம் என்று ஆறு விதமாக நிரூபித்த பிறகு திரும்பிப் போய் அந்த ஐம்பதைக் கொடுத்தோமா? கேட்டேன். “அது பேரம் மாமா, இது டெஸ்ட்” என்றார் மச்சான். பேரத்துக்கும் பரிசோதனைக்கும் இப்படியொரு துல்லியமான வேறுபாட்டைச் செய்யத் தெரிந்த மனிதர் எம்.ஏ. சேரவில்லை, நான் சேர்ந்திருக்கிறேன்.

தெகார்த்துக்கும் இப்படி ஒரு ஆள் வாய்த்தார், கஸெந்தி. ஐந்தாவது ஆட்சேபம் அவருடையது. புத்தியே பெரிது என்றவரை ‘மனமே’ என்று விளித்துக் கிண்டல் செய்தார். தெகார்த் பதிலுக்கு அவரை ‘சதையே’ என்று விளித்தார். ஆனால் கஸெந்தி 1631-ல் புதன் சூரியனைக் கடப்பதைப் பார்த்து எழுதிவைத்த வானியலாளர். எனக்கு வாய்த்தவர் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்தார்.

ஆறாவது தியானத்துக்கு வருகிறேன். வரலாம், ஆனால் மாதிரி வினாத்தாளில் ‘தெகார்த்தின் ஐய முறையை விளக்குக’ என்றுதான் இருக்கிறது, பத்து மதிப்பெண். ஐயம் எப்படித் தொடங்கியது என்று எழுதினால் பத்தும் கிடைக்கும். எப்படி முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அது போகட்டும். காலையில் நெடுநேரம் படுக்கையிலேயே கிடந்து யோசிப்பது தெகார்த்தின் வழக்கம். 1649-ல் ஸ்வீடன் ராணி கிறிஸ்டினா அவரை அழைத்துப்போய், குளிர்காலத்தில் அதிகாலை ஐந்து மணிக்குப் பாடம் சொல்லவைத்தார். 1650 பிப்ரவரி 11 அன்று நுரையீரல் அழற்சியில் மனிதர் போய்ச் சேர்ந்தார். எங்கள் தொடர்பு வகுப்பு ஞாயிறு காலை எட்டரைக்கு. இந்த முன்னுதாரணத்தைச் சுட்டிக்காட்டி, வகுப்பைப் பதினொன்றுக்கு மாற்றக் கோரி விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். பதில் இல்லை. பரீட்சைக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி மட்டும் குறுஞ்செய்தியில் வந்திருக்கிறது.