சேப்பாக்கத்தில் படித்தது, காளையார்கோவிலில் விளைவது

எண்பதுகளின் கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிக்கப் போகிறேன் என்றதும், காரைக்குடி வீட்டு வளவில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்த அப்பத்தா, "போலீசு உத்தியோகமா அப்பு?" என்று கேட்டார். தப்புச் செய்தவன் ஏன் செய்தான், அவனைத் திருத்துவது எப்படி என்கிற படிப்பு என்றேன். "அவன் ஆத்தாகிட்டக் கேட்டா சொல்லிட்டுப் போறா" என்றபடி சீப்புச் சீடையும் மாவுருண்டையும் டின் நிறையக் கட்டிக் கொடுத்தார்.

மீட்டர்கேஜ் ரயிலில் விடிய விடியப் போய், கடற்காற்று வரும் நூலகத்தில் உட்கார்ந்து, மண்டையோட்டை அளந்தே குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாமென்று நம்பிய லொம்ப்ரோசோவிலிருந்து, மதிப்பான மனிதர்கள் அலுவலகத்தில் இருந்தபடியே செய்யும் குற்றங்களைப் பற்றி 1939இல் பேசிய சதர்லேண்ட் வரை, விரல் காய்க்க எழுதியெழுதிப் படித்தோமே, அந்த மசிக்கறைக்கு இருந்த சுகம் இன்றைய பி.டி.எஃப்.புக்கு இல்லை.

ஆய்வேட்டுக்காக, இளங்குற்றவாளிகளைத் திருத்தும் புதுக்கோட்டை பார்ஸ்டல் பள்ளிக்குப் போனேன். சைக்கிள் திருடி வந்த பையன் ஒருவன் தையல் பழகிக்கொண்டிருந்தான். என் கேள்வித்தாளைப் பார்க்கவே இல்லை. சட்டைக் கையில் தொங்கிய பொத்தானைக் காட்டி, "குடுங்கண்ணே, தச்சுத் தாரேன்" என்றான். அவன் நூல் கோத்த நேரத்தில் சொன்னதுதான் என் ஆய்வேட்டின் உயிர்.

1860ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகளை மனப்பாடம் செய்த தலைமுறை நாங்கள். 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் 358 பிரிவுகளோடு நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஐயாயிரம் ரூபாய்க்கும் குறைவான பொருளைத் திருடி முதன்முறை தண்டனை பெறுபவன், பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை என்கிறது அது. படித்ததும் அந்தப் பையன்தான் கண்ணில் நின்றான். அவனுக்கு இது முப்பது வருஷம் தாமதம்.

வாய்தா நாளில் போலீஸ் வேனிலிருந்து இறங்கும் மகனை ஒரு நிமிஷம் பார்க்க, தூக்குவாளியோடு கோர்ட் வாசலில் காத்து நின்ற தாய்மார்களை அன்று நிறையப் பார்த்திருக்கிறேன். இன்று காவல் நீட்டிப்பு பெரும்பாலும் காணொளியிலேயே முடிகிறது. அலைச்சல் குறைந்தது நல்லதுதான், ஆனால் அந்த ஒரு நிமிஷத்தை யார் ஈடு செய்வது?

திறந்தவெளிச் சிறை என்று பாடத்தில் படித்தது இப்போது எங்கள் சிவகங்கைச் சீமையிலேயே, காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்பில் இருக்கிறது. நன்னடத்தைக் கைதிகள் அங்கே வயல்வேலை பார்க்கிறார்கள். குற்றவியல் படிக்கும் பிள்ளைகள், "போனில் பேட்டி எடுத்தால் போதாதா சார்?" என்கிறார்கள். போதாது, அனுமதி வாங்கி பஸ் ஏறி வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.