சூளைக்கும் ஆனர்ஸ் வேண்டும்

2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்த நான்காண்டு ஆனர்ஸ் பட்டப்படிப்புத் திட்டத்தை விருத்தாசலம் செராமிக் சூளைகளும் உடனே ஏற்க வேண்டும். என்ன தாராளம்! ஓராண்டில் இறங்கினால் சான்றிதழ், ஈராண்டில் டிப்ளமோ, மூன்றாண்டில் 120 கிரெடிட்டுக்குப் பட்டம், நான்காண்டில் 160-க்கு ஆனர்ஸ். டவுன் பஸ்கூட இப்படிக் கேட்ட இடத்திலெல்லாம் நிற்காது.

களிமண்ணுக்கு மட்டும் ஏன் ஓரவஞ்சனை? 400 டிகிரியிலேயே வெளியே வரும் கோப்பைக்குச் சான்றிதழ். 800-ல் இறங்கும் பிள்ளையாருக்கு டிப்ளமோ. 1,200 வரை வெந்த இன்சுலேட்டருக்கு ஆனர்ஸ். 75 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால் ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ். யோகா, சுற்றுச்சூழல் எல்லாம் மதிப்புக்கூட்டுப் பாடங்கள். கிளேஸ் பூசுவது மட்டும் விருப்பப் பாடம்.

முதல் அணி தேறி வந்ததும் சான்றிதழ்க் கோப்பையில் டீ ஊற்றினார்கள். கோப்பை டீயிலேயே கரைந்தது. சூளைக்காரர் அசரவில்லை: "கோப்பை மேல தப்பில்ல சார். டீ ஊத்துறது சிலபஸ்லயே இல்லியே!"

மண்ணும் வீணாகவில்லை. வழித்தெடுத்து, மாணவர்கள் கிரெடிட்டைச் சேமிக்கும் கிரெடிட் வங்கியில் போட்டாயிற்று. ஏழு ஆண்டு வரை செல்லுமாம்.